வெளியே நின்றவனின் பாட்டு



வேதாகமத்தைத் திறந்து 108-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 13 வசனம். முதல் 5 வசனத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு 57-ஆம் சங்கீதத்தின் கடைசிப் பகுதிக்குத் திருப்புங்கள். ஏறக்குறைய அதே வார்த்தைகள். பிறகு 108-இன் 6-ஆம் வசனத்திலிருந்து முடிவு வரைக்கும் பாருங்க, 60-ஆம் சங்கீதத்தின் பின்பகுதி அங்கே உட்கார்ந்திருக்கும். 57 எங்கே பிறந்தது? சவுலுக்குத் தப்பியோடின தாவீது குகையிலே ஒளிந்திருந்தபோது என்று தலைப்பு சொல்லுகிறது. 60 யுத்தகாலத்துப் பாட்டு, அதன் ஆரம்பம் முழுவதும் புலம்பல். யாரோ ஒருவர் குகைப் பாட்டின் பயத்தை விட்டுவிட்டு, யுத்தப் பாட்டின் புலம்பலையும் விட்டுவிட்டு, மீதி இரண்டையும் சேர்த்து மூன்றாவது ஒரு பாட்டாக்கியிருக்கிறார். ஆனாலும் பழைய பாட்டு ரெண்டும் தூக்கிப் போடப்படவில்லை. மூன்றும் ஒரே புத்தகத்தில் நம்ம கையில் இருக்கு.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 14-ஐயும் 53-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒரே பாட்டு. ஒன்றில் கர்த்தர் என்று வருகிற இடத்தில் மற்றதில் தேவன் என்று வரும். 40-ஆம் சங்கீதத்தின் வால்பகுதி தனியாகப் பிரிந்து 70-ஆம் சங்கீதமாக நிற்கிறது. 18-ஆம் சங்கீதம் 2 சாமுவேல் 22-இல் சிறு சிறு மாற்றங்களோடு இன்னொரு தடவை வருகிறது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் இதையெல்லாம் இணைப் பகுதிகள் என்று சொல்லி ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

நம்ம பாடகர் குழுவில் உள்ள வாலிபர்கள் கேட்கிற கேள்வி இதுதானே? "பாஸ்டர், ஒரே பாட்டை யூடியூபில் பத்துப் பேர் பத்து மாதிரி பாடியிருக்காங்க. எது சரி? நாம மாத்திப் பாடலாமா?" மாற்றலாமா கூடாதா என்பது சின்னக் கேள்வி. வேதத்திலேயே மாற்றியிருக்கிறார்கள் என்று மேலே பார்த்தோம், அதோடு அது முடிந்தது. மாற்றும்போது எதைத் தொடக்கூடாது என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் படிக்க நம்ம மாவட்டத்திலேயே ஒரு பாட்டு இருக்கிறது. கடலூரில் பஸ் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் வருகிற சிதம்பரத்தைப் பற்றிய பாட்டு. சைவ பக்திப் பாட்டு. ஆராதனையில் பாட வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஒரு பாட்டு பல வாய்களில் ஏறும்போது அதற்கு என்ன நடக்கும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டின் பெயர் "வருகலாமோ". கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில் வருவது. சுப்பிரமணிய பாரதியாரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் 19-ஆம் நூற்றாண்டில் மாயவரம் பக்கத்தில் வாழ்ந்தவர். உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் இவரிடம் கொஞ்ச காலம் சங்கீதம் கற்றிருக்கிறார். சரித்திரம் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது, அதற்கு உதவினவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி.

கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆதனூரில் சேரியில் பிறந்த நந்தன், தில்லைக்குப் போய் நடராஜரைப் பார்க்க வேண்டும் என்று தவிக்கிறான். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லி நாட்களைத் தள்ளுகிறான். அதனால் அவனுக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர் வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் இவன் கதையை 37 பாட்டில் முடித்துவிட்டார். அந்த 37 பாட்டில் பண்ணையார் என்று ஒருவரே கிடையாது! போக விடாமல் தடுக்கிற வேதியர், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று நந்தனுக்குக் கட்டளையிடுகிற முதலாளி, இவரைக் கொண்டுவந்தது கோபாலகிருஷ்ண பாரதியார்தான். அப்படியானால் பாரதியாரே ஒரு பழைய பாட்டை மாற்றிப் பாடினவர். அவர் பிராமணர். தன் காலத்து வயல்வெளியில் கண்ணால் பார்த்ததைக் கதைக்குள் வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இந்தப் புத்தகத்துக்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்கவே மனசில்லை. இலக்கணம் சரியில்லை, பெரிய புராணத்தில் இல்லாததெல்லாம் இருக்கிறது என்று தயங்கினார். பாரதியார் விடாமல் நடையாய் நடந்து வாங்கினார்.

இந்தச் சரித்திரத்தில் நந்தன் தில்லைக்கு வந்துவிட்டான். ஆனால் உள்ளே போக முடியாது. வெளியே நின்றுகொண்டு, நான் வரலாமா, கிட்டத்தில் வந்து நிற்கலாமா என்று கேட்கிற பாட்டுதான் வருகலாமோ. மாஞ்சி ராகம், மெதுவாக நகருகிற பாட்டு. அவசரப்படுத்தினால் செத்துப்போகும். அவன் சண்டைக்கு நிற்கவில்லை, அழுது அடம் பிடிக்கவுமில்லை. கேள்வி கேட்கிறான், பாட்டு முழுவதும் கேள்வியாகவே நிற்கிறது.

இப்போ இந்தப் பாட்டு எத்தனை கைக்கு மாறியது என்று பாருங்க. முதலில் கதாகாலட்சேபம். பாகவதர் கதை சொல்லிக்கொண்டே வருவார். வேதியர் மறுத்தது, வயலில் பட்ட பாடு எல்லாம் முன்னாலே வரும், அக்கினி பின்னாலே வரும். நடுவில் இந்தக் கேள்வி. கேட்கிறவனுக்கு இவன் ஏன் வெளியே நிற்கிறான் என்று நன்றாகத் தெரியும். அப்புறம் இசைத்தட்டு வந்தது. அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் இடம். நீளமான கீர்த்தனை அதற்குள் அடங்க வேண்டுமானால் சரணங்கள் குறையத்தான் வேண்டும். கச்சேரி மேடையில் கதை போய்விட்டது, பாட்டு மட்டும் வந்தது. அதுவும் பெரிய உருப்படியெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் துக்கடா என்கிற வரிசையில். பரதநாட்டியத்தில் இதற்கு அபிநயம் பிடித்து ஆடுகிறார்கள். அங்கே குரல் ஒருவருடையது, கேட்கிற கை இன்னொருவருடையது.

சினிமாவையும் சொல்ல வேண்டும். 1935-இல் "பக்த நந்தனார்" படம். நந்தனாக நடித்தது கே.பி.சுந்தராம்பாள், ஒரு பெண். கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகு ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தவர், ஆண் வேஷம் என்பதால் ஒத்துக்கொண்டார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்பது அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. வேதியராக நடித்தது சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1942-இல் ஜெமினி மறுபடியும் "நந்தனார்" எடுத்தது. இந்தத் தடவை நந்தன் எம்.எம்.தண்டபாணி தேசிகர், தேவாரம் பாடுகிற ஓதுவார் மரபில் வந்தவர். பிற்பாடு நம்ம அண்ணாமலை நகரிலேயே பல்கலைக்கழக இசைத்துறையில் பொறுப்பில் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1941-இல் தமிழிசை மாநாடு கூடியது. மேடையில் தமிழ்ப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளாதே என்று கேட்ட மாநாடு.

1942 படத்தில் தேசிகர் பாடின "பிறவா வரம் தாரும்" என்ற பாட்டை இன்றைக்கும் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது படத்துக்காகப் பாபநாசம் சிவன் எழுதினது. நந்தன் வேஷத்தில் தேசிகர் வாயிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாடினவர் பெயர் நிலைக்கும், எழுதினவர் பெயர் மாறிப்போகும். பல பேர் பாடுகிற பாட்டுக்கு முதலில் நேருகிற நஷ்டம் இதுதான்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. 1935-லும் 1942-லும் ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நந்தனுக்காகக் கண்ணீர் விட்டார்கள். அதே நாட்களில் சேரி ஜனங்கள் இந்த மாகாணத்துப் பெரும்பாலான கோயில்களில் நுழைய முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை மாதம்தான் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். பாட்டு அச்சேறி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! அத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், கைதட்டினார்கள், பதில் சொல்லவில்லை. பாடினவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பாடியிருக்காவிட்டால் கேள்வியே மறந்துபோயிருக்கும். ஆனால் அழகாகப் பாடப் பாட, கேள்வி கேள்வியாகக் கேட்பது நின்றுபோய் வெறும் அழகாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்த ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு டி.வி.யில் இந்தப் பாட்டு ஓடியது. நாற்று நட்டே காலம் தள்ளின வயதான அம்மா ஒருவர், நம்ம சபை விசுவாசி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "எல்லாரும் நல்லாத்தான் பாடுறாங்க ஐயா. கதவத் தொறந்து உட்டாங்களான்னு பாட்டுல வரலியே" என்றார். சங்கீத விமர்சகர் யாராவது இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை.

ஒருவர் வேறு விதமாக அந்தப் பாட்டைக் கையில் எடுத்தார். சுவாமி சகஜானந்தர் (1890–1959), தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், சட்டமன்றத்திலும் இருந்தவர். 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஓமக்குளம் பக்கம் போகிறவர்கள் நந்தனார் பெயரோடு அந்தப் பள்ளி நிற்பதைப் பார்க்கலாம். உள்ளே வரலாமா என்று கேட்டவன் பெயரிலே ஒரு வாசலைத் திறந்து வைத்தார் அவர். ராகம் தாளம் எதுவும் இல்லாமல் அந்தப் பாட்டைப் பாடினவர்களில் அவரையும் நான் சேர்க்கிறேன்.

சரி, இது வெளியார் பாட்டு, நம்ம பாட்டுக்கு வாங்க பாஸ்டர் என்கிறீர்களா? வருகிறேன்.

உலகத்தில் அதிகம் பேர் பாடின கிறிஸ்தவப் பாட்டுகளில் ஒன்று "அமேசிங் கிரேஸ்". ஜான் நியூட்டன் இங்கிலாந்தில் ஓல்னி என்ற சிற்றூரில் போதகராக இருந்தபோது, 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக எழுதினது. 1779-இல் அச்சாயிற்று. நமக்குத் தெரிந்த மெட்டு அப்போது கிடையாது. 1835-இல் அமெரிக்காவில் வில்லியம் வாக்கர் என்பவர் ஒரு பழைய மெட்டில் இந்த வார்த்தைகளைப் பொருத்தினார், அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைசியில் பதினாயிரம் வருஷம் என்று ஒரு சரணம் பாடுகிறோமே, அதுவும் நியூட்டன் எழுதினது அல்ல. 1852-இல் வந்த "அங்கிள் டாம்ஸ் கேபின்" நாவலில் அடிமைகள் பாடுகிறதாக வந்து, பிறகு பாட்டுப் புத்தகத்துக்குள் புகுந்தது.

நியூட்டனைப் பற்றி நம்ம பிரசங்கங்களில் ஒரு தவறு ஓடிக்கொண்டே இருக்கிறது. அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தார், புயல் அடித்தது, மனந்திரும்பினார், அன்றைக்கே அந்தத் தொழிலை விட்டார் என்று. அப்படியில்லை. புயல் 1748-இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குத் தலைவராகவே போனார், 1754 வரைக்கும் அதே தொழில். அடிமை வியாபாரத்துக்கு விரோதமாக வெளிப்படையாக அவர் எழுதினது 1788-இல், நாற்பது வருஷம் கழித்து. இரட்சிக்கப்பட்டவன் கண் ஒரே நாளில் முழுவதும் திறந்துவிடுவதில்லை என்பதற்கு நான் இவரைத்தான் சாட்சியாகச் சொல்லுவேன்.

அவர் பாட்டு எங்கே போனது பார்த்தீர்களா? கப்பலில் சங்கிலி போட்டுக் கொண்டுபோனார்களே, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாய்க்குப் போனது. 1947-இல் மஹாலியா ஜாக்சன் இசைத்தட்டில் பாடினார். 1972-இல் அரீதா பிராங்க்ளின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் சபையார் நடுவிலே நின்று இதை நீட்டி, இழுத்து, ஒரு வார்த்தையில் பத்து வார்த்தை நேரம் நின்று பாடினார். அதே 1972-இல் ஸ்காட்லாந்து ராணுவ வாத்தியக் குழு குரலே இல்லாமல் பைக் குழலில் வாசித்தது, பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத்து சபையில் வேதபாடம் நடந்துகொண்டிருந்தபோது 9 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான போதகரின் அடக்க ஆராதனையில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பேசிக்கொண்டே வந்து, நிறுத்தி, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, இந்தப் பாட்டைத் தானே எடுத்தார். சபை எழும்பிச் சேர்ந்து பாடியது. நியூட்டன் எழுதின அதே முதல் சரணம்தான். ஆனால் பாடினவர்கள் நின்ற இடம் வேறு.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரையும் விடக்கூடாது (1774–1864). சரபோஜி மன்னர் காலத்துக் கவிஞர். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பேதமில்லாமல் அவர் கீர்த்தனைகள் எல்லா சபையிலும் ஏறியிருக்கின்றன. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். 1820-களின் கடைசியில் தஞ்சைத் திருச்சபையில் சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று மிஷனரிமார் வற்புறுத்தினபோது, சாஸ்திரியார் பிரிவினை இருக்கட்டும் என்கிற பக்கம் நின்று எழுதினார். அதே சமயத்தில் தன் பாட்டுகளை ஆராதனையிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் முறையிட்டார். அந்த வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது, முதல் விஷயத்தில் இல்லை. இன்றைக்கு அவர் பாட்டை யார் பாடுகிறார்கள்? யாரோடு ஒரே பாயில் உட்கார மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னார்களோ அவர்கள் பிள்ளைகள், நம்ம ஜனங்கள், கை தட்டிப் பாடுகிறோம்.

இனி நம்ம பாடகர் குழுவுக்கு நேரடியாகச் சில வார்த்தை.

மெட்டை வேகப்படுத்துகிறீர்களா, சுருதி ஏற்றுகிறீர்களா, கீபோர்டில் புது முன்னிசை வைக்கிறீர்களா, அதைப்பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. 57, 58, 59, 75 நான்கு சங்கீதங்களின் தலைப்பிலும் ஒரே குறிப்பு இருக்கிறது, அது அன்றைக்குத் தெரிந்த ஒரு மெட்டின் பெயர் என்பதே வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. நான்கு பாட்டு ஒரு மெட்டில் போகலாம் என்றால் ஒரு பாட்டு நான்கு மெட்டிலும் போகட்டும். என் ஆட்சேபம் எல்லாம் சரணத்தை வெட்டுகிறதில்தான். பல்லவியை எட்டுத் தடவை திருப்பிப் பாடுகிறோம், மூன்றாம் சரணத்துக்கு நேரமில்லை என்கிறோம். பாட்டு எழுதினவர் தன் வேதனையை எங்கே வைத்திருக்கிறார்? அநேகமாக அந்த மூன்றாம் சரணத்தில்தான். பசியைப் பற்றி, ஜனங்கள் தள்ளிவிட்டதைப் பற்றி, பிள்ளையில்லாத வீட்டைப் பற்றி ஒரு வரி அங்கே இருக்கும். அதை விட்டுவிட்டு ஜெயம் ஜெயம் என்கிற இடத்தை மட்டும் பாடினால், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு விதவைத் தாயின் வாயிலிருந்து அவள் பாட்டைப் பிடுங்கினது போல ஆகிறது. 108-ஆம் சங்கீதத்தைச் சேர்த்தவரும் புலம்பலை விட்டார், உண்மைதான். ஆனால் 60-ஆம் சங்கீதம் புத்தகத்தில் முழுசாக இருந்தது, வேண்டியவர்கள் எடுத்துப் பாடலாம். நாம வெட்டினால் அது எங்கே இருக்கும்? நம்ம பிள்ளைகளுக்கு அந்தச் சரணமே தெரியாது.

அடுத்தது பெயர். நம்ம சபைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், எழுதினவர் பெயர் எத்தனை பாட்டுக்குக் கீழே இருக்கிறது? சகோதரி சாராள் நவரோஜி எழுதிப் பாடின பாட்டுகளை இன்று எத்தனையோ பேர் புதுசாகப் பாடி வெளியிடுகிறார்கள். பாடுகிறவர் படம் பெரிசாக இருக்கும், அம்மையார் பெயர் தேட வேண்டியிருக்கும். கத்தோலிக்க குருவாக இருந்த பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களை நம்ம சபைகளில் பாடாத ஞாயிறு இருக்கிறதா? நம்ம ஊழியத்துப் பாட்டு என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். சங்கீதப் புத்தகம் எழுதினவன் பெயரைத் தலைப்பிலேயே போட்டது. தாவீது மட்டும் அல்ல. ஆசாப், கோராகின் புத்திரர், ஏமான், ஏத்தான். கோராகின் கதை உங்களுக்குத் தெரியும், மோசேக்கு விரோதமாக எழும்பிப் பூமி வாய் திறந்து விழுங்கினவன். அவன் வம்சத்தார் பாட்டுக்கு அவன் பெயரை மறைக்காமல் போட்டிருக்கிறார்கள். அதில் 84-ஆம் சங்கீதத்தைப் பாருங்க, உள்ளே பெரிய இடம் எதுவும் வேண்டாம், தேவனுடைய வீட்டு வாசலில் காத்திருந்தால் போதும் என்கிற பாட்டு. அதையும் வெளியே தள்ளப்பட்டவன் வீட்டுப் பிள்ளைகள்தான் பாடினார்கள்!

ஆகவே புதுப் பாட்டுப் புத்தகம் தயாராகும் முன் ஒரு வேலை. பாடகர் குழுவில் ஆளுக்குப் பத்துப் பாட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினவர் யார், எந்த வருஷம், முழுப்பாட்டில் எத்தனை சரணம், இப்போது நாம் பாடுவது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய கேசட்டு உறை இருந்தால் கொண்டுவாருங்கள், அதில் பெயர் இருக்கும். கடலூர் முதுநகர்ப் பக்கத்து மூத்த விசுவாசிகளிடம் கேட்டால் அச்சில் இல்லாத சரணங்களைக்கூட மனப்பாடமாகச் சொல்லுவார்கள், சீக்கிரம் போய்க் கேளுங்கள். சிதம்பரம் குழுவினர் 1 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தை 96, 105, 106 சங்கீதங்களோடு ஒப்பிட்டு, எந்த வரி எங்கிருந்து வந்தது, எது விடப்பட்டது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த மாத வேதபாடத்துக்கு வர வேண்டும். கீபோர்டு வேண்டாம், நோட்டு மட்டும் போதும்.